நண்டு விழுந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவன் குத்துவதைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. இருந்தும், நாளைக்கு உலகத்தின் ஆகச் சிறந்த குத்துச்சண்டைக்காரனாக இவர்களில் எவன் வருவான் என்பதை, ஸ்கந்தபுரத்தில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் குந்தியிருந்துகொண்டு, நாங்கள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரு வருடம் தீர்மானித்துக்கொண்டிருந்தோம்.

மூவரில் நான் ஒருவன். கிளிநொச்சி நகரம் பறிபோனபோது ஒரு புத்தகப் பெட்டியோடு இடம்பெயர்ந்து வந்தவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, விடைத்தாள் எங்கே போயிற்று, யார் திருத்துகிறார்கள் என்று தெரியாமல் இருந்த காலம். வாசிக்க ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை, மூளை மட்டும் ஓய மாட்டேன் என்றது. இரண்டாமவர் கடைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், அண்ணை என்று கூப்பிடுவோம். மூன்றாமவன் என் வயதுக்காரன். நாயாற்றுப் பக்கத்திலிருந்து தாய், தகப்பன், தங்கச்சியோடு வந்து எங்கள் ஒழுங்கையில் தறப்பாள் கொட்டில் போட்டிருந்தவன். கடலில் வளர்ந்தவன், கட்டை, இடக்கையன், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒழுங்கையில் எல்லோரும் அவனை நாயாற்றான் என்றுதான் சொன்னோம். இங்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

குத்துச்சண்டையில் பாரம் கூடியவனைப் பாரம் குறைந்தவனோடு மோத விடுவதில்லை. அவரவர் எடைக்கு அவரவர் பட்டம். ஆகவே எல்லாரிலும் பெரிய ஆள் எவன் என்ற கேள்விக்கு மேடையில் ஒருநாளும் விடை வராது. எல்லோரையும் ஒரே அளவாக்கி நிறுத்தினால் எவன் மிஞ்சுவான் என்று கற்பனையில்தான் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். விடை வராத கேள்வி என்பதாலேயே எனக்கு அது பிடித்திருந்தது. விடை வரக்கூடிய கேள்விகளெல்லாம் அந்த வருடம் வேறு மாதிரியானவை. ஆமி எதுவரைக்கும் வந்துவிட்டான், செல் எங்கே விழுந்தது, யாருடைய வீட்டில் பிள்ளையைக் காணவில்லை.

கடைக்காரர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. “பாரம் தானேடா அடி. பாரத்தைக் கழிச்சுப்போட்டு அடியை என்னெண்டு அளப்பாய்? லொறியையும் சைக்கிளையும் ஒரே அளவாக்கிப் பாக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பிடித்த பாரவகுப்புக்காரனுக்கு லொறி என்று பெயர் வைத்தோம். என்னுடைய ஆள் ஓர் இங்கிலாந்துக்காரன். நெட்டை, ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவன், எதிராளிக்குப் பாடம் நடத்துவதுபோல நீட்டி நீட்டிக் குத்துவான் என்று வாசித்திருந்தேன். அவன் வாத்தி. நாயாற்றானுடைய ஆள் தென்னமெரிக்கப் பக்கத்துச் சின்னவன் ஒருவன். அவனும் கட்டை, அவனும் இடக்கையன். படங்களில் எப்போதும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டு நிற்பான். நாயாற்றான் அவனை நண்டு என்றான். மற்ற ஆறு பேரும் பட்டியல் நீளமாகத் தெரிவதற்காக நான் சேர்த்தவர்கள்.

ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டுக் கை, கால், தாடை, மூச்சு, மூளை என்று ஐந்து நிரல் கீறியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. எதைப் பார்த்துப் புள்ளி போட்டேன் என்று கேட்டால் சிரிப்பு வரும். தடையெல்லாம் தாண்டி லொறியில் வரும் சாமான்களைச் சுற்றிக்கொண்டு கொழும்புப் பேப்பர்கள் வரும். சவர்க்காரம் சுற்றி வந்த பக்கம், தேயிலை சுற்றி வந்த பக்கம். விளையாட்டுப் பக்கமாக இருந்தால் கடைகளில் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். சில தாள்கள் நாலு மாதம் பழையவை. ஒருமுறை நாங்கள் மூன்று கிழமை ஆளுக்கு ஆள் தொண்டை வறள ஆதரித்தும் எதிர்த்தும் கதைத்த ஒருவன், கண்ணில் அடிபட்டு அதற்கு முன்னமே குத்துச்சண்டையை விட்டிருந்தான். பிறகு வந்த ஒரு தாளில் அதை வாசித்துவிட்டு, நாங்கள் இவ்வளவு நாளும் இல்லாத ஒருவனைத்தான் தூக்கி வைத்திருந்தோம் என்று சொல்ல, கடைக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார்.

பேப்பரை விட்டால் ரேடியோ. பற்றரி தடை என்பதால் டைனமோதான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்கு, ரேடியோவிலிருந்து இன்னொரு வயர் பாலை மரக் கொப்புக்கு. மெதுவாக மிதித்தால் சத்தம் செத்துப்போகும். வேகமாக மிதித்தால் ரேடியோ எரிந்துபோகும். முதல் ரேடியோ அப்படித்தான் எரிந்தது. நண்டு ஏதோ ஒரு சண்டையில் வென்ற செய்தி வந்துகொண்டிருந்தபோது மிதித்தவன் நாயாற்றான். சந்தோசத்தில் காலுக்கு விசர் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்காரர் ஒரு சட்டம் போட்டார்: எவனுடைய ஆளின் செய்தி வரவிருக்கிறதோ அவன் மிதிக்கக்கூடாது. மிதிப்பவனுக்குச் செய்தி கேட்காது என்பது தனி விசயம். சங்கிலியும் டைனமோவும் போடும் சத்தத்தில் அவனுக்கு எதுவும் விளங்காது. காதைக் கொண்டுபோய் ரேடியோவில் வைத்திருப்பவன்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தக் காது என்னுடையது. ஆங்கிலச் செய்தி, அதிலும் கடைசியில் வரும் விளையாட்டுச் செய்தி, அதிலும் குத்துச்சண்டைக்கு ஒரு வரியோ இரண்டு வரியோ. அதைக் கேட்டு விளங்கக்கூடியவன் அந்த ஒழுங்கையில் நான் ஒருவன்தான். அந்த மிதப்பு எனக்கு நிறைய இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேடியோ இரைந்து இரைந்து பாதியை விழுங்கிவிடும். விழுங்கிய பாதியை நான் நிரப்பிக்கொள்வேன். வென்றான் என்று மட்டும் கேட்டிருந்தால், எந்தக் கையால், எத்தனையாவது சுற்றில், எதிராளியின் முழங்கால் எப்படி மடிந்தது என்று சேர்த்துச் சொல்வேன். வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். எனக்குக் கேட்கவில்லை என்ற சொல் என் வாயில் வந்ததேயில்லை.

நாயாற்றான் வேறு மாதிரி. அவனுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரிந்தது. நான் படத்துக்குக் கீழே உள்ளதை வாசித்துக்கொண்டிருக்க, அவன் படத்தில் உள்ளவனின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை என் வாத்தியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “உவன் விழுவான்,” என்றான். அந்தச் சண்டையில் வாத்தி வென்றதாகத்தான் போட்டிருக்கிறது என்று நான் வாசித்துக் காட்டினேன்.

“இதில வெண்டிருப்பான். ஆனாக் காலைப் பார். ரெண்டு குதியும் நிலத்தில. இனி இவன் அடிக்கவும் ஏலாது, விலகவும் ஏலாது. வள்ளத்தில இப்பிடி நிண்டு வலை எறிஞ்சா முதல் அலைக்கே தண்ணிக்க போயிடுவான்.”

நான் வாத்தியின் காலுக்கு ஒன்பது போட்டிருந்தேன். வலை எறிகிறவன் வந்து புள்ளி போடுகிறான் என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். கொப்பியில் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது.

அவன் கதையோடு நிற்கவில்லை. அவர்கள் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மரத்தில் உரப்பை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே உமியும் மணலும். பழைய சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, படங்களில் கண்டதை ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பான். படம் அசையாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் உடம்பு எப்படிப் போயிருக்கும் என்று அவனே கண்டுபிடித்தான். பின்னேரங்களில் நான் பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்வேன். அவன் காதில் வாங்காத ஆலோசனைகள். அந்த இடக்கை உமிப் பையில் இறங்கும்போது வரும் சத்தம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஒன்பது பேருக்குப் புள்ளி போட்ட நான் அவனுக்கு ஒரு நிரல் கீறியதில்லை. அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. அவன் எங்கள் ஒழுங்கைப் பொடியன், பட்டியலில் இருப்பவர்கள் பேப்பரில் வருகிறவர்கள்.

அந்த நேரத்தில் அவனுடைய தாய்க்குக் கண்ணில் வருத்தம் வந்தது. வவுனியாவுக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தால்தான் பார்வை தப்பும் என்றார்கள். வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க மூன்று மாதம் அலைந்தார்கள். கடைசியில் தாய்க்கும் துணைக்கு ஒருவருக்கும் கிடைத்தது. துணைக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். கடைக்காரர் கையெழுத்து வைத்தார். வவுனியாவில் இவர்களுடைய சின்னம்மா ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பொடியன்களுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறார்கள் என்றும், பாரம் குறைந்த வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார். நாயாற்றான் போனால் திரும்பி வர மாட்டான் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிணை நின்றார். ஏன் அண்ணை என்று கேட்டதற்கு, “இஞ்ச இருந்து உமியைக் குத்தி என்னத்தைக் கண்டவன்? ஒருத்தனாவது சரியான கையுறையைப் போட்டுப் பாக்கட்டும்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தயங்கியவன் நாயாற்றான்தான். வலையும் வள்ளமும் கரையில் விட்டுவிட்டு வந்த தகப்பனைத் தனியே விட வேண்டும். வயது வந்த பொடியன் ஒருவன் வவுனியாவில் இறங்கினால் அங்கே ஆமி கேட்கப்போகும் கேள்விகள் வேறு. போகவா விடவா என்று ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தான். துணைக்குப் போகிறவரின் பெயரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை பயணம். அதே ஞாயிறு காலையில்தான் நண்டின் பட்டச் சண்டையின் முடிவும் வரவிருந்தது. எதிராளி பழைய சம்பியன், பதினெட்டுப் பேரோ என்னவோ அவனிடம் விழுந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம், உமிப் பையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நாயாற்றான் சொன்னான்:

“நாளைக்கு நண்டு வெண்டால் நான் போறன். போனா வரமாட்டன்.”

“தோத்தால்?”

“தோத்தால் தங்கச்சி போகட்டும். நான் அப்பாவோட நிக்கிறன்.”

விசர்க் கதை கதையாதே, எங்கேயோ அமெரிக்காவில் எவனோ இரண்டு பேர் அடிபடுவதற்கும் நீ வவுனியா போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேட்டதோடு நின்றிருந்தால் நான் நல்லவன்.

“அவன்ர உயரம் என்ர உயரம். அவன்ர கை என்ர கை,” என்றான். “அவனாலயே ஏலாட்டி என்னால என்னெண்டு ஏலும்?”

அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. நான் சொன்னது இதுதான்: நண்டுக்கு மூச்சுக் காணாது. ஆறு சுற்று ஆடுவான், ஏழாவதில் வாயைத் திறந்துவிடுவான். மூச்சுக்கு நான் நாலு புள்ளிதான் போட்டிருக்கிறேன். அவன் கையில் சுற்றியிருந்த சாரத் துணியைக் கழற்றினான்.

அடுத்த நாள் அவன் கொட்டிலில் நடந்த வேதக் கோவிலில் பூசை கண்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நேரே கடைக்கு வந்தான். லொறிக்கு அன்று சண்டை இல்லை, ஆகவே சட்டப்படி கடைக்காரர் ஏறி மிதித்தார். நான் காதை வைத்தேன். உலகச் செய்தி போனது, சந்தைச் செய்தி போனது, விளையாட்டு வந்தது. கால்பந்து. ரென்னிஸ். பிறகு நண்டின் பெயர் தெளிவாக வந்தது. சம்பியனின் பெயர் வந்தது. ஏழாவது சுற்று என்று வந்தது. அந்த இடத்தில் றோட்டால் ஒரு ட்ரக்டர் போனது. பெட்டி நிறையச் சட்டி, பானை, கதிரை, மேலே ஆட்கள். எங்கோ ஒரு பக்கத்திலிருந்து இன்னும் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து வருகிறது. தெரிந்தவர்களோ என்று கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கால் ஓய்ந்தது. ரேடியோ செத்தது. அவர் மறுபடி மிதித்து ரேடியோவுக்கு உயிர் வந்தபோது, வாசிப்பவர் கிரிக்கெட்டுக்குப் போயிருந்தார்.

நான் நிமிர்ந்தேன். இரண்டு பேரும் ரேடியோவைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம்கூட இல்லை. ஏழாவது சுற்று. நேற்று நான் சொன்ன அதே ஏழாவது சுற்று. என் கணக்கு அவ்வளவு வடிவாகப் பொருந்தியிருந்தது.

“முடிஞ்சுது. ஏழாவதில,” என்றேன்.

“ஆர்? நண்டோ?”

“ஓம். சம்பியன் அவனை விழுத்திப்போட்டான்.”

நாயாற்றான் என் முகத்தைப் பார்த்தான். “வடிவாக் கேட்டனியோ?”

“வடிவாக் கேட்டனான்.”

கேட்டேன் என்றதோடு விட்டேனா? ஆறாவது வரைக்கும் நண்டுதான் முன்னுக்கு நின்றான் என்றேன். பிறகு மூச்சு விட்டுவிட்டது என்றேன். விலாவில் ஒரு குத்து, தாடையில் ஒரு குத்து, எட்டு எண்ணும்போது எழும்பப் பார்த்து மறுபடி இருந்துவிட்டான் என்றேன். ரேடியோவில் இரண்டு வரிக்கு மேல் ஒருநாளும் சொல்வதில்லை என்பதை மூன்று பேரும் அறிவோம். இருந்தும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்தும் அவனில் விழுவதுபோல இருந்தது. அது தெரிந்தும் எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. கதை நன்றாக வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் மட்டும், இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அடுத்த செய்தி வருந்தானே, எதற்கும் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்றார். அடுத்த செய்திக்கு நானே ஏறி மிதித்தேன். உங்களுக்குக் கால் நோகும் அண்ணை என்று சொல்லி ஏறினேன். மிதிப்பவனுக்குக் கேட்காது. கேட்டவர்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நண்டின் பெயர் வந்தபோது நாயாற்றான் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுபோல. ட்ரக்டரின் மேல் பழியைப் போட எனக்கு அந்த முதல் தடவைதான் இருக்கிறது. இரண்டாவது தடவைக்கு நான்தான் ட்ரக்டர்.

மத்தியானம் தங்கச்சியின் பெயர் கொடுக்கப்பட்டது.

அவர்கள் போய் இரண்டு மூன்று நாளில் அவன் உரப்பையை அவிழ்த்தான். உமியை மாட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தான், மணலை அவர்கள் பங்கருக்கு மேல் கொட்டினான். கடைக்கு வருவான். பட்டியலைப் பற்றிக் கதைத்தால் இருந்து கேட்பான். ஒன்பது எட்டானது. நண்டின் பெயருக்கு மேல் நான் கோடு கீறியபோது, கீறாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோடு கோணுது, அடிமட்டத்தை வை என்றான்.

வவுனியாவில் தாய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அவர்கள் திரும்பி வரமுதல் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். தாயும் தங்கச்சியும் அங்கே, தகப்பனும் மகனும் இங்கே. மாதங்கள் போயின. பிறகு எப்படியோ ஒரு வயதானவர் கையில் தங்கச்சி ஒரு சிறு பொதி கொடுத்துவிட்டிருந்தாள். இரண்டு சட்டை, சவர்க்காரம், தகப்பனுக்கு நோவெண்ணெய். அதையெல்லாம் ஓர் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் சுற்றியிருந்தாள். அகப்பட்ட பேப்பர் அல்ல, தெரிந்தெடுத்துச் சுற்றியிருக்கிறாள். தமையனுக்கு யாரைப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாயாற்றான் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். கடைக்காரர் தண்ணீர்ச் சட்டியில் ரியூப்பை அமிழ்த்தி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தாளை வாங்குப் பலகையின் மேல் விரித்து, கையால் தடவி மடிப்பை எடுத்தான். படத்தில் நண்டு நின்றான். தோளில் சம்பியன் பட்டி, இடக்கை மேலே, வாய் நிறையச் சிரிப்பு.

“இதை வாசி,” என்றான்.

நான் வாசித்தேன், மனதுக்குள். ஏழாவது சுற்றில் சம்பியனை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தான் என்று போட்டிருந்தது. ஏழாவது சரி. நான் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. எடையை ஒதுக்கிப் பார்த்தால் இவனுக்கு நிகர் இனி இல்லை என்றும் எவரோ ஒரு நிபுணர் கீழே எழுதியிருந்தார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது பழைய படம். அதுக்கு முதல் நடந்த சண்டை.”

நாயாற்றான் தாளின் மேல் மூலையில் விரலை வைத்தான். அங்கே திகதி இருந்தது.

“எனக்கு இங்கிலீசுதான் தெரியாது,” என்றான். “இலக்கம் தெரியும்.”

தண்ணீர்ச் சட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ரியூப்பை வெளியே எடுக்கவில்லை.

“உனக்குக் கேக்கேல்லை, என்ன,” என்றான் நாயாற்றான்.

“ட்ரக்டர் ஒண்டு...”

“எனக்கும் தெரியும் ட்ரக்டர். நானும் அங்கதான் நிண்டனான். கேக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். அடுத்த செய்திக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. எனக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது.”

குரல் உயரவில்லை. நான் எழுந்து நின்றேன். அடிக்கட்டும் என்று நின்றேன். உண்மையில் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். ஒரு அடி விழுந்தால் என் பக்கத்திலும் ஒரு நியாயம் வந்துவிடும். அவனுடைய காலைப் பார்த்தேன். அவனே எனக்குச் சொல்லித்தந்த பார்வை. இரண்டு குதியும் நிலத்தில் இருந்தன. அடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை, அப்படியே நின்றான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

கடைக்காரர் அன்று என்னோடு பேசிய ஒரே பேச்சு: “அந்தக் கொப்பியை இஞ்ச கொண்டு வராதை.”

அதன் பிறகு நாயாற்றான் என்னைத் தெருவில் கண்டால் தலையாட்டுவான். நான் கூப்பிட்டால் நிற்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டான். தகப்பனும் அவனும் மறுபடி கடற்கரைப் பக்கம் போவதும், அங்கே செல் விழத் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் பயிற்சிக்கு வர வேண்டும் என்று இயக்கம் சொன்னபோது தகப்பனுக்குப் பதிலாக அவன் போய் வந்தான். தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கக் கண்டேன். அந்தத் தடியையும் இடப்பக்கம்தான் பிடித்திருந்தான். பயிற்சி கொடுத்தவர் வந்து வலப்பக்கம் மாற்றிவிட்டார்.

எனக்குப் பரீட்சை முடிவு வந்தது. நல்ல முடிவு. வவுனியாவில் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம் கிடைத்தது. பாஸ் எடுக்கப் பிணை வேண்டும். ஊரில் எனக்காகக் கையெழுத்து வைக்கக்கூடியவர் யார் என்று சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, வெட்கமில்லாமல் கடைக்காரரிடமே போனேன். அவர் கிறீஸ் கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அவனுக்கென்று நின்ற பிணை சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். நான் போனேன். திரும்பவில்லை. விடுமுறைக்குக்கூடத் திரும்பவில்லை. அவரை அதற்காக யாரும் கூப்பிட்டு விசாரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கடிதத்தில் அவர் அதை எழுதவில்லை.

கடிதம் ஒன்றுதான் வந்தது, போன வருடக் கடைசியில், யாரோ கையில் கொடுத்து இன்னொருவர் கைமாறி. எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார். நாயாற்றான் இயக்கத்துக்குப் போய்விட்டான், தகப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான், எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியாது. போவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு போனான். அதற்குக் கீழே இப்படி இருந்தது: “ரேடியோ நல்லாப் பாடுது. கேட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. பட்டியலில இப்ப ஆர் முன்னுக்கு எண்டு எழுது.”

வவுனியாவில் எனக்கு எல்லாம் கிடைக்கிறது. கரண்ட் இருக்கிறது, அன்றன்றைய பேப்பர் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ரீவி இருக்கிறது. நண்டு அசைவதை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். நாயாற்றான் உமிப் பைக்கு முன்னால் செய்துகாட்டிய அதே அசைவு. படங்களுக்கு இடையில் உடம்பு எப்படிப் போகும் என்று அவன் ஊகித்தது ஒரு இம்மியும் பிசகவில்லை. இன்று எந்தப் பேப்பரை எடுத்தாலும் எடை பாராத பட்டியலில் நண்டுதான் முதலாவது. வாத்தி போன வருடம் விழுந்தான். அதையும் பார்த்தேன். இரண்டு குதியும் நிலத்தில் இருந்தன.

கடைக்காரருக்குப் பதில் எழுதினேன். நண்டு முன்னுக்கு என்று எழுதினேன். அதற்குக் கீழே, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கேட்கவில்லை என்றும் எழுதினேன். அவருக்குத் தெரிந்த விசயம்தான். இருந்தும் என் கையால் எழுதப்பட்டு எங்காவது இருக்கட்டும் என்று எழுதினேன். கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை, பாதை மறுபடி பூட்டு. கடிதம் சீஆர் கொப்பிக்குள் கிடக்கிறது. நண்டின் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு இருக்கும் அதே பக்கத்தில்.

ஞாயிறு காலைகளில் நானாவின் கடையில் ரீவிக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் சேர்வார்கள். ஆங்கிலத்தில் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்பார்கள். இரைச்சலில் பாதி விளங்குவதில்லை. தம்பி சொல்லுங்கோ, தம்பி சொல்லுங்கோ என்று எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் சொல்கிறேன். விளங்காத பாதியையும் சேர்த்துத்தான்.